பத்து நாள் இடைவெளி

2011 செப்டம்பர் 9. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரையும் வேலூர் சிறையில் தூக்கிலிடக் குறித்திருந்த நாள். அதற்குப் பத்து நாள் முன்பு, ஆகஸ்ட் 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தூக்கா, ஆயுள் தண்டனையா என்று யார் வாதாடினாலும் என் மனம் அந்தப் பத்து நாளில்தான் போய் நிற்கிறது.

பேரறிவாளன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, வெடிகுண்டுக்கான ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டை வாங்கி, கொலைச் சதியை முன்னின்று நடத்திய சிவராசனிடம் கொடுத்தார் என்பது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பொருள். எதற்கென்று தெரிந்துதான் வாங்கினாரா? ஒரு உயிர் தொங்கியது அந்தக் கேள்வியில். அப்போதிருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலமே சாட்சியமானது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதாகவும், அதைத் தான் எழுதாமல் விட்டதாகவும் சொன்னார். குறித்த நாளில் தூக்கு நிறைவேறியிருந்தால், இதைக் கேட்கப் பேரறிவாளன் இருந்திருக்க மாட்டார்.

எந்த நீதிமன்றமும் அவரை நிரபராதி என்று சொல்லிவிடவில்லை. கருணை மனு பதினொரு ஆண்டு கிடப்பில் கிடந்ததால்தான் 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. ஆனால் உயிரோடு இருந்ததால் அவரால் மேலும் வழக்காட முடிந்தது.

"ஆயுள்னா பதினாலு வருஷம், அப்புறம் வெளியே வந்துடுவான்" என்பது டீக்கடைப் பேச்சு. அது தவறு. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான் என்று கோபால் கோட்சே வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை போன்ற குற்றங்களில் பதினாலு ஆண்டு என்பது, முன்விடுதலையைப் பரிசீலிக்கும் முன் கழிக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம். சில வழக்குகளில் அந்த வாய்ப்பையும் அடைத்துவிடலாம் என்று 2008-இல் சிரத்தானந்தா தீர்ப்பு வழிகாட்டியது. இதை இளகிய தண்டனை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு காவலர்களும் கட்சித் தொண்டர்களும் செத்தார்கள். அந்த வீடுகளின் ஆத்திரத்தைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

1991 ஜூன் 11 அன்று, விசாரித்துவிட்டு மறுநாள் காலையில் அனுப்பிவிடுவதாகச் சொன்னதை நம்பித்தான் பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் தன் 19 வயது மகனை அதிகாரிகளோடு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தபோது மகனுக்கு வயது 50.