வெறும் புதர்க்காட்டில் பதினொரு மான்கள்

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் மகள் அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்து லாரமி நகரில் படிக்கிறார். தோழிகளோடு வெளியே போனபோது ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினார்களாம். எதிர்ச் சரிவில் பதினொரு மான்கள் இருப்பதாகத் தோழிகள் எண்ணிச் சொல்ல, இவர் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. "பார்வையில் கோளாறா, இல்லை இதற்கென்று வித்தை உண்டா?" என்று கேட்கிறார் தந்தை.

பார்வையில் கோளாறில்லை ஐயா. வித்தைதான்.

அங்கே இருப்பது மியூல் மான். கோவேறு கழுதைக்கு இருப்பதுபோலப் பெரிய காது, வெளுத்த பின்புறம், நுனி கறுத்த வால், இரண்டிரண்டாகப் பிரியும் கொம்பு. அது வாழும் நிலத்தை மூடியிருப்பது சேஜ்பிரஷ் என்னும் சாம்பல் பச்சைப் புதர். நம் மரிக்கொழுந்தும் அதுவும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம். மழை பெய்து ஓய்ந்தால் அந்தப் பொட்டல் முழுக்க மணக்கும். குளிர்காலத்தில் மானின் ரோமமும் சாம்பலாகிவிடுவதால், அசையாமல் நின்றால் அதுவும் ஒரு புதர்தான்.

வேட்டைப் பருவத்துக்கு முன்பே மான் இருக்குமிடம் பார்த்துவைப்பதை ஸ்கவுட்டிங் என்பார்கள். வேட்டைக்காரர்கள் மட்டுமல்ல, படம் எடுப்பவர்களும் உயிரியலாளர்களும் இதே முறையில்தான் தேடுகிறார்கள். நடந்து தேடுகிறவனுக்கு மான் கிடைக்காது. அந்தக் காதுக்கு நம் காலடி ஓசை தப்புமா! விடியுமுன் மேட்டுக்குப் போய், உச்சியில் வானம் பின்னணியாகத் தெரியும்படி உட்காராமல் சற்றுக் கீழே இறங்கி, பைனாகுலரை முக்காலியில் பொருத்திக்கொள்ள வேண்டும். கையில் பிடித்தால் ஆடும். ஆடும் கண்ணாடியில் அசையும் காது தெரியாது.

பிறகு சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது. கம்மல் திருகாணி விழுந்துவிட்டால் என் பாட்டி எல்லாரையும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு தரைக்கல்லை முடித்த பிறகே அடுத்த கல்லுக்குப் போவார். அதே பொறுமைதான் இங்கும் வேண்டும். தேடுவது முழு மானை அல்ல. செங்குத்தான தண்டுகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரு முதுகுக்கோடு, வெயில் பட்டு ஒளிரும் ஒரு காது, வெள்ளையாக ஒரு திட்டு. இவற்றில் ஒன்று போதும்.

வெயில் ஏறியதும் மான்கள் நிழலுக்கு நகரும். வடக்குப் பார்த்த சரிவு, பாறை விளிம்பின் அடி, ஓடை தொடங்கும் மடிப்பு, ஒற்றை ஜூனிப்பர் மரத்தின் அடி. எல்லாம் படுத்துவிட்டன, இனி ஒன்றுமில்லை என்று பலர் அப்போது எழுந்து போய்விடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. சூரியன் நகர நிழலும் நகரும்; வெயில் மேலே விழுந்ததும் படுத்த மான் எழுந்து, நான்கடி தள்ளி மறுபடி படுக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் காத்திருப்பது.

ஆகஸ்டில் கிடாக்களின் கொம்பு மென்ரோமத் தோல் மூடி வளர்ந்துகொண்டிருக்கும். அப்போது அவை கூட்டமாகத் திறந்த வெளியில் மேயும். செப்டம்பரில் தோல் உரிந்ததும் அடர்ந்த மறைவுக்குப் போய்விடும். ஆகஸ்டில் குறித்துவைத்த இடம் அடுத்த மாதமே காலியாகக் கிடப்பது இதனால்தான்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதைவிடப் பெரிய இடமாற்றம். வயோமிங்கின் தெற்கே ரெட் டெசர்ட் என்று ஒரு வறண்ட வெளி. அங்கே குளிர்காலத்தில் தெரியும் மான்கள் ஆண்டு முழுதும் அங்கேயே வாழ்பவை என்றுதான் நம்பினார்கள். 2011இல் ஹால் சாயர் என்ற உயிரியலாளர் சிலவற்றுக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டினார். வசந்தம் வந்ததும் அவற்றில் பல வடக்கு நோக்கிப் புறப்பட்டு, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தாண்டி ஹோபேக் மலைப்பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன. இவ்வளவு பெரிய நடை எல்லார் கண்ணெதிரிலும் நடந்துகொண்டிருந்தும் அதன் முழு நீளம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 255 என்ற எண் கொடுத்த பெட்டை ஒன்று அதையும் மிஞ்சி ஐடஹோ மாநிலத்து ஐலண்ட் பார்க் வரை, 390 கிலோமீட்டர் போனது. பனி உருகி இளம்புல் எழும் பச்சை அலை மேடேற ஏற, அதன் கூடவே ஏறுகின்றன இந்த மான்கள். போன வழியிலேயே ஆண்டுதோறும் போகின்றன. வழியைத் தாயின் பின்னே நடந்து குட்டி கற்றுக்கொள்கிறது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் ஒரு பாதை அடைபடும்போது, ஒரு தலைமுறையின் பாடமே அறுந்துபோகிறது.

அடைக்கத்தான் செய்கிறோம். அந்தப் பாதையில் நூற்றுக்கு மேற்பட்ட வேலிகள். அடிக்கம்பி தரையிலிருந்து 16 அங்குலமாவது உயர்ந்திருந்தால் குட்டிகூட நுழைந்து போய்விடும். செலவும் பெரிதில்லை, இருந்தும் எத்தனையோ வேலிகளில் செய்யப்படவில்லை. வயோமிங்கின் பைன்டேல் அருகே எரிவாயுக் கிணறுகள் வந்த மேய்ச்சல் வெளியில் 15 ஆண்டுகளுக்கு மேலாகியும் மான்கள் பழகிக்கொள்ளவில்லை. கிணற்றை விட்டு ஒரு கிலோமீட்டர் அளவு விலகியே நடந்தன, எண்ணிக்கையும் 36 சதவீதம் குறைந்தது என்று 2017இல் சாயர் குழுவினரின் ஆய்வு சொன்னது. சேஜ்பிரஷை வீண்புதர் என்று எண்ணி மாட்டுப் புல்லுக்காகக் களைக்கொல்லி தெளித்து அழித்த காலமும் உண்டு. பனிக்கு மேலே தலைநீட்டி நிற்கும் அந்தக் கசப்பு இலைதான் மானுக்குக் குளிர்காலச் சோறு.

இன்னொன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. குளிர்காலத்தில் உதிரும் கொம்புகளைப் பொறுக்க வண்டிகளில் கூட்டமாய்ப் போகிறார்கள். கோடையில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உயிர் பிடித்திருக்கும் மானை ஒருமுறை ஓடவிட்டால், அந்த இழப்பை ஈடுகட்ட அதற்குத் தீனி கிடையாது. மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஜனவரி முதல் ஏப்ரல் முடிய கொம்பு பொறுக்கத் தடை இருப்பது இதற்காகவே.

ஆகவே வாசகரின் மகளுக்கு: டிசம்பரில் போனால் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு உள்ளிருந்தபடியே பாருங்கள். கதவைத் திறக்க வேண்டாம். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். சரிவின் இடது மூலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு மான் தென்பட்டால் கண்ணை எடுக்காமல் அதைச் சுற்றியே தேடுங்கள். குளிர்காலத்தில் அவை பெரும்பாலும் கூட்டமாகவே இருக்கும்.