விடுதலை வேறு, உரிமை வேறு

விடுதலை, சுதந்திரம், உரிமை, வீடு என்னும் நான்கு சொற்களையும் ஒன்றே போல நாம் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். நிறுத்துப் பார்த்தால் நான்குக்கும் எடை வேறு.

திருவனந்தபுரம் வந்த புதிதில் ஒரு பத்திர விஷயமாக எழுத்தரிடம் போயிருந்தேன். "இதில் வேறு யாருக்காவது அவகாசம் உண்டோ?" என்று கேட்டார். "எல்லாருக்கும் நிறைய அவகாசம் இருக்கு, அவசரமே இல்லை" என்றேன். மனுஷர் திகைத்துப் போனார்! தமிழில் அவகாசம் என்றால் நேரம், மலையாளத்தில் உரிமை. அன்று தொடங்கியதுதான் அடியேனின் இந்தச் சொல்லாராய்ச்சி.

சுதந்திரம் வடசொல், பிறர் கைக்கு அடங்காமல் தன்னைத் தானே நடத்திக்கொள்வது. ஆனால் பழைய தமிழ் ஊர்களில் அறுவடைக் களத்தில் ஊர்ப் பணியாளருக்கு அளந்த நெல்லுக்கும் சுதந்திரம் என்றே பெயர். அதாவது வழிவழி வந்த பங்கு.

விடுதலை என்பது 'விடு' என்பதன் அடியாகப் பிறந்தது, கட்டவிழ்வது. தமிழ்நாட்டில் விடுதலைப் பத்திரம் எழுதுகிறவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறார். கேரளப் பள்ளியில் பிள்ளைக்குத் தரும் மாற்றுச் சான்றிதழ் 'விடுதல் சர்ட்டிபிகேட்'. ஆக, இச்சொல் எதை விட்டோம் என்று சொல்லும். கையில் என்ன வந்தது என்று சொல்லாது.

இதற்குத் திருவிதாங்கூர் வரலாறே சாட்சி. 1855இல் அடிமை முறையை ஒழித்து அரச விளம்பரம் வந்தது. அது விடுதலை. உரிமை அத்துடன் வந்துவிட்டதா? இல்லையே! 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதி கிடைத்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற வரம்புடன். 1893இல், வழக்கம் தடுத்த பொதுச் சாலையில் வெங்கானூர் அய்யங்காளி துணிந்து வில்லுவண்டி ஓட்ட வேண்டியிருந்தது. கோயில் நுழைவு விளம்பரம் 1936 நவம்பர் 12இல்தான் வந்தது. கட்டவிழ்ந்து கோயில் வாசலைத் தாண்ட எண்பத்தொரு ஆண்டு!

அதனால்தான் நம் அரசியல் சட்டம் சுதந்திரத்தை ஒருமையில் சொல்லி நிறுத்தவில்லை. 19ஆம் உறுப்பில் பேச்சு, கூட்டம், சங்கம், நடமாட்டம், குடியிருப்பு, சொத்து, தொழில் என ஏழாகப் பிரித்து எழுதியது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அவற்றில் சொத்தை நீக்கியது, மீதி ஆறு. நம்மைப் போல் மாநிலம் விட்டு வந்து கடை வைத்தவர்கள் நிற்பது இவற்றில் கடைசி மூன்றின் மேல்தான்.

நான்காவது சொல் வீடு. இதுவும் 'விடு' என்பதன் பிள்ளையே. சமண நெறியில், வினைக்கட்டு முற்றும் அறுந்த நிலை அது. எந்த அரசரும் விளம்பரம் போட்டுத் தர முடியாது; நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் கொண்டு அவரவர் அடைய வேண்டியது. இல்லறத்தானுக்குரிய ஐந்து விரதங்களில் ஒன்று, இவ்வளவு பொருள் போதும் என்று தானே வரம்பு கட்டிக்கொள்வது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கஷ்டமான பாடம்தான்!

ஆனால் ஒன்று. அந்த வரம்பை நமக்கு நாமே போட்டுக்கொள்ளலாம். அடுத்தவனுக்குப் போடக் கூடாது. வீடே பெரிது என்று பேசிக்கொண்டு ஒருவன் தெருவில் நடக்கும் உரிமையை மறுப்பது அறமாகாது. யாராவது "விடுதலை கொடுத்தாச்சு" என்றால், "உரிமை வந்ததா?" என்றும் கேட்டுவிடுவோம்.