அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு சொல்லலாம்?

"ஓனரம்மா ஒண்ணு பதினஞ்சு சொல்றாங்க சார். உட்கார்ந்து பேசினா அஞ்சு குறைப்பாங்க."

சென்னைப் புறநகரான அஸ்தினாபுரத்தில், இராஜேந்திர பிரசாத் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டு வாசலில் நின்று புரோக்கர் சொன்னார். அரை கிரவுண்டு மனை, 25 வருடத்துக்கு முன் கட்டிய ஆயிரம் சதுர அடி வீடு, கிழக்குப் பார்த்த வாசல். வீடு தேடும் உறவுக்காரத் தம்பிக்குத் துணையாகப் போயிருந்தேன். ஒரு கோடியே ஐந்துக்குக் கேட்டுப் பார்க்கலாமா என்று கண்ணாலேயே கேட்டான்.

சொன்ன விலையிலிருந்து பத்து லட்சம் இறக்கிக் கேட்பதுதான் நம் பழக்கம். ஆனால் அந்த ஒன்று பதினைந்து எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தெருவில் யாரோ வாங்கியதாகக் காதில் விழுந்த தொகை, மகள் கல்யாணச் செலவு, மெட்ரோ ரயில் விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை நீளப்போகிறது என்ற பேச்சு, எல்லாம் அதில் கலந்திருக்கும். அடுத்தவர் மனக்கணக்கிலிருந்து பத்து குறைத்தால் கிடைப்பதும் மனக்கணக்குதான். மண்ணிலிருந்து தொடங்கி நம் எண்ணை நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும்.

அரசின் வழிகாட்டி மதிப்பையே வீட்டின் விலை என்று நினைப்பவர்கள் பலர். அது முத்திரைத்தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் எண், அவ்வளவுதான். 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த மதிப்பு உயர்வை ரத்து செய்ய, 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்பு வந்தது. இந்த ஏற்ற இறக்கத்துக்கும் தெருவில் நடக்கும் வியாபாரத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், பலரும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரம் போடுகிறார்கள். மீதி கைக்காசு. அதனால் எந்தப் பத்திரத்தைப் புரட்டினாலும் உண்மை விலை தெரியாது. ஒரு தெருவே தன் விலையைத் தனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறது. புதிதாக வாங்க வருபவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்பேன்.

இருந்தாலும் ஒரு சாளரம் உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைச் சர்வே எண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். நாம் பார்க்கும் வீட்டுக்கு மட்டுமல்ல, அதே சர்வே எண்ணில் உள்ள அக்கம்பக்கத்து மனைகளுக்கும் சேர்த்தே வரும். அதில் கிரயத் தொகையை விட்டுவிட்டு, வங்கியில் உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்த பதிவுகளைத் தேடுங்கள், 'எம்.ஓ.டி.' என்பார்கள். கடன் தொகை அதில் இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அடுத்த வீட்டுக்காரர் வீடு வாங்க 60 லட்சம் கடன் எடுத்திருந்தால், அந்த வங்கி அதைக் குறைந்தது 75 லட்சம் என்று மதித்திருக்கிறது. கிரயப் பத்திரம் 50 லட்சம் என்று சொன்னாலும் இந்த எண் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டு மூன்று பதிவு கிடைத்தாலே தெருவின் நாடி பிடிபடும்.

இனி கணக்கு. இந்த எண்கள் வழி காட்டுவதற்காக மட்டும். உங்கள் தெருவுக்கு நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். காலி மனை சதுர அடி 7,500 என்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடிக்கு 90 லட்சம். ஆயிரம் சதுர அடி வீட்டை இன்று புதிதாகக் கட்ட 24 லட்சம் ஆகும் என்றால், 60 வருட ஆயுளில் 25 போய்விட்டது. மிச்சம் 35 வருடத்துக்கு 14 லட்சம். ஆக, ஒரு கோடியே நாலு லட்சம். கிரானைட் திண்ணைக்கும் தேக்குக் கதவுக்கும் ஓனர் தனியாக ஒரு தொகை சொல்வார். அது அவர் ஆசையாகச் செய்தது. மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம், கணக்கில் பெரிதாக ஏறாது.

வாடகையை வைத்தும் ஒரு முறை சரிபார்க்கலாம். இந்த வீடு மாதம் 22,000 வாடகைக்குப் போனால் வருடத்துக்கு 2,64,000. ஒரு கோடிக்கு இரண்டரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான் போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மண்ணில் குறை இருந்தால் விலையை இறக்க வேண்டியதும் அங்கேதான்.

அன்றைக்கு வீட்டுக்குள் போகும் முன் நாங்கள் பார்த்தது வாசற்படியை. தெருவிலிருந்து உள்ளே இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. கட்டும்போது அந்த வீட்டுக்கு ஏறித்தான் போயிருப்பார்கள். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்தில் தங்கிவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவுறுத்தியது. அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான். பின்பக்க மதிலில், முழங்காலுக்குச் சற்று மேலே, சுண்ணாம்பு நிறம் மாறி ஒரு கோடு. மோட்டார் சுவிட்சை அதற்கும் மேலே, தோள் உயரத்தில் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சுவர் சொன்னது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சிட்லப்பாக்கம், செம்பாக்கம், நெமிலிச்சேரி என்று ஏரி சூழ்ந்த பகுதி இது. செம்பாக்கத்தின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கித்தான் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டப் பாதையில் வீடு இருக்கிறதா என்பதைக் கிராம வரைபடத்தில் பார்க்க வேண்டும், தெருமுனை டீக்கடையிலும் கேட்க வேண்டும். "தண்ணி வந்துச்சா" என்று கேட்டால் "லேசா" என்பார்கள். "எத்தனை நாள் நின்னுச்சு" என்று கேளுங்கள். எங்களுக்கு மூன்று நாள் என்று பதில் வந்தது. தரையை உயர்த்தவும், ஒழுகும் மொட்டை மாடிக்கும், பழைய ஒயரிங்குக்கும் ஐந்து லட்சம் கழித்தோம். நின்றது 99 லட்சம்.

பத்திர விஷயத்தில் குறை இருந்தால் விலை குறைத்து வாங்கலாம் என்ற யோசனையே வேண்டாம். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம், தனிப்பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட அனுமதி எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்துக் கருத்து வாங்குங்கள். அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்ததாக வரன்முறை செய்த ஆணை இருக்க வேண்டும். அப்பா உயில் எழுதாமல் காலமான வீடு என்றால் கல்யாணமாகிப் போன மகள்களின் கையெழுத்தும் வேண்டும். "அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு" என்பது சட்டத்தில் செல்லாது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால் விலையிலிருந்து நாம் பிடித்துக் கட்ட வேண்டிய வருமான வரி பல மடங்கு. உள்நாட்டவர் என்றால், 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரயத்துக்கு 1 சதவீதம்.

இப்போது கைப்பணம். 99 லட்சத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். சுமார் 9 லட்சம். புரோக்கருக்கு 1 சதவீதம் என்றால் இன்னொரு லட்சம். வங்கி 75 லட்சத்துக்கு மேல் தராது. பத்திரச் செலவுக்குக் கடனும் இல்லை. சொந்தக் கையிலிருந்து 34 லட்சம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் "முப்பது லட்சத்தை கேஷா வெச்சுக்கலாம், உங்களுக்கும் லாபம்" என்ற பேச்சு வரும். லாபமா? வழிகாட்டி மதிப்பு இடம் கொடுத்தாலும், பத்திரச் செலவில் மிச்சமாவது 2 லட்சத்து 70 ஆயிரம். பத்திரத்தில் 69 லட்சம் என்று இருந்தால் வங்கிக் கடன் 55 லட்சத்துக்கு இறங்கிவிடும். 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கும் வீட்டை நாளை விற்கும்போது, விலைவாசி ஏற்றத்துக்கான கழிவு இல்லாமல் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. இன்று மறைத்த 30 லட்சமும் அன்றைக்கு நம் லாபமாகவே தெரியும். அதற்கு வரி மட்டும் 3 லட்சத்து 75 ஆயிரம். வீட்டு பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது என்பது தனி.

விலை படிந்தால் டோக்கனோடு நிற்காமல் கிரய ஒப்பந்தம் எழுத வேண்டும். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்வது கட்டாயம். உரிமையில் குறை என்று வங்கி கடனை மறுத்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற வரி அதில் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போனான். அதிகபட்சம் 99 என்று முடிவு. முதலில் 95 சொன்னான்.

ஓனரம்மாவின் முகம் வாடிவிட்டது. "என் வீட்டுக்காரர் ஒவ்வொரு செங்கல்லா பார்த்துக் கட்டின வீடு, தம்பி."

"தெரியுதும்மா. வீட்டைக் குறை சொல்லலை. எப்படிப் போட்டேன்னு நீங்களே பாருங்க" என்று தாளை நீட்டினான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மூன்று நாள் தண்ணீர் என்ற இடத்தில் விரல் நின்றது. புரோக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஓனரம்மா கையமர்த்திவிட்டார்.

"இதை வெச்சிட்டுப் போங்க. ராத்திரி பையன் போன் பண்ணுவான், அவன்கிட்ட படிச்சுக் காட்டணும்" என்றார்.