களிம்பு ஏறிய பிளக்கும் விமானியின் காதும்



ஆரப்பாளையத்தில் மைக்செட் சத்தம் கேட்காமல் வளர்ந்தவர் யாரும் இருக்க முடியாது. திருவிழா நடுவில் மைக் ‘கரகர’ என்றால், ஆபரேட்டர் அண்ணன் ஆம்ப்ளிஃபயரைத் திறக்க மாட்டார். பிளக்கை ஒரு திருகு திருகுவார், சத்தம் தெளிவாகிவிடும். விமானி மாட்டும் ஹெட்செட்டுக்கும் இதே வியாதி வரும். வைத்தியத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

சிறிய விமானங்களின் ஹெட்செட்டில் பெரும்பாலும் இரண்டு பிளக் இருக்கும். கேட்பதற்கானது 6.35 மி.மீ.; நம்ம மைக்செட்டின் கால் இஞ்ச் அளவுதான். பேசுவதற்கானது சற்று ஒல்லி, 5.23 மி.மீ. பல பிளக்குகள் பித்தளையில் செய்தவை. சிலவற்றுக்கு நிக்கல் அல்லது தங்க முலாம் உண்டு. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். காற்றின் ஈரமும் கை வியர்வையின் உப்பும் பட்டால் மேலே ஒரு படலம் உருவாகும். வீட்டில் அதைத்தான் களிம்பு என்கிறோம்.

இத்தனை மெல்லிய படலம் என்ன செய்துவிடும் என்கிறீர்களா? 230 வோல்ட் பிளக்கில் அந்த மின்னழுத்தமே படலத்தை உடைத்துக்கொண்டு போய்விடும். மைக் சுற்றிலோ சில வோல்ட், சில மில்லிஆம்பியர்தான். அதற்கு அந்த பலம் கிடையாது.

மைக் பிளக்கில் முனை, வளையம், உடல் என்று மூன்று பகுதிகள். பேச்சு போவது வளையம் வழியாக. அங்கே களிம்பு ஏறினால், விமானி பட்டனை அழுத்தியதும் கேரியர் அலை கிளம்பும். பேச்சு மட்டும் போகாது. டவரில் இருப்பவருக்கு வெறும் மௌனம்தான் கேட்கும். தொடர்பு அடியோடு அறுந்தால் டிரான்ஸ்பாண்டரில் 7600 என்று வைத்துவிட்டு, டவர் காட்டும் விளக்கைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அசையாத பச்சை என்றால் இறங்கலாம். அசையாத சிவப்பு என்றால் வழிவிட்டு வட்டமடிக்க வேண்டும்.

சரி, எப்படித் துடைப்பது?

1. ரேடியோவை அணைத்துவிட்டு, ஒயரை இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்துக் கழற்றவும்.

2. நூல் உதிராத துணியில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்துச் சுற்றித் துடைக்கவும். டேப்ரெக்கார்டர் ஹெட் துடைத்த அதே திரவம்தான். பிளக் மேல் ஊற்றக் கூடாது. பக்கத்தில் நெருப்பும் கூடாது.

3. முலாம் இல்லாத பித்தளை இன்னும் கறுப்பாக இருந்தால், பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். பிறகு துணி வெள்ளையாக வரும்வரை மறுபடி ஆல்கஹால்.

4. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். முலாம் போய்விடும், கீறலில் களிம்பு சீக்கிரம் ஏறும்.

5. அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவார்களே, அதையும் இங்கே செய்யாதீங்க. விளக்கைத் தண்ணீர் விட்டு அலசலாம். பிளக்கை அலச முடியுமா? இடுக்கில் தங்கும் புளிப்பு மறுபடியும் உலோகத்தை அரிக்கும்.

ஜாக்கிலும் களிம்பு இருக்கும். சுத்தமான பிளக்கை நாலைந்து தடவை செருகித் திருகினால் ஓரளவு உராய்ந்து போகும். அதற்கு மேல் ஜாக்கைக் கழற்றுவது நம் வேலை இல்லை. அது விமானத்தின் பாகம். லைசென்ஸ் பெற்ற பராமரிப்பு இன்ஜினியர்தான் தொட வேண்டும்.

பளபளப்பை வைத்து வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். கிளம்புமுன் தரையில் ரேடியோ செக் கேட்க வேண்டும். தெளிவு 1 முதல் 5 வரை எண்ணால் சொல்லப்படும். டவரிலிருந்து ‘5’ என்று பதில் வந்தால்தான் பிளக் சுத்தம்.