பல பட்டைப் படங்களும் கட்டக் கணக்கும்

இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றுக்குக் கிழக்கே உள்ள சூரியநெல்லி, தேயிலையும் ஏலமும் சூழ்ந்த மலையூர். அருகே ஆனையிறங்கல் நீர்த்தேக்கமும், தமிழ்நாட்டு எல்லையில் கொழுக்குமலையும் உள்ளன. வறட்சியாலோ பெருங்காற்றாலோ பயிர் கெடும்போது, எந்தச் சரிவில் எவ்வளவு இலை குறைந்தது என்று நடந்தே அளந்து முடிப்பது எளிதன்று. ஆகவே செயற்கைக்கோள் படங்களின் துணை நாடப்படுகிறது.

2011 ஏப்ரலில் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2 என்னும் இந்தியச் செயற்கைக்கோளின் லிஸ்-3 கருவி, ஒரே நிலத்தைப் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு, குற்றலை அகச்சிவப்பு என நான்கு பட்டைகளில் பதியுமாறு அமைக்கப்பட்டது. நிலம் 23.5 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு எண்கள் கிடைக்கின்றன. ஒரு கட்டம் ஏறத்தாழப் பதின்மூன்றரைச் சென்ட். ஓர் ஏக்கர் ஏலத்தோட்டத்தின் பரப்பு ஏழு கட்டங்களைவிடச் சற்றே மிகுதி. அவற்றிலும் சில, பக்கத்து நிலத்தோடு கலந்தவையாக இருக்கும்.

பசுமையான இலை சிவப்பொளியை உட்கொண்டு, அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே தாவரக் குறியீடு. எடுத்துக்காட்டாக, அகச்சிவப்பு 40, சிவப்பு 8 எனில், 32-ஐ 48-ஆல் வகுக்க 0.67 வரும். நீர்ப்பரப்பில் அவை 3, 5 எனில், குறியீடு -0.25 ஆகும். வெறும் கழித்தலே போதாதா என்று மாணவர் வினவக்கூடும். மலை நிழலில் இரண்டு எண்களும் பாதியாகி 20, 4 என நின்றால், வேறுபாடு 32-லிருந்து 16-ஆகக் குறையும், குறியீடோ மாறாது. உண்மை நிழல் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. எனினும் பிழை பெரிதும் குறைகிறது.

இக்கணக்கை இடஞ்சார் தரவுத்தளத்திலேயே செய்யலாம். போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு வழி செய்கிறது. இரு பட்டைகளையும் சூத்திரத்தையும் கட்டளையில் ஒருமுறை குறித்தால், அது கட்டந்தோறும் கணக்கை நிறைவேற்றும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பட்டைகள் வேண்டுமாயின், சூத்திரத்தைத் தனிச் செயற்கூறாக எழுதி அழைக்க வேண்டும். நில எல்லைகளும் அதே தளத்தில் இருப்பின், தோட்டவாரியான சராசரியையும் உடனே பெறலாம்.

தவறு பெரும்பாலும் சூத்திரத்தில் நேர்வதன்று. லிஸ்-3 பட்டைகளுக்கு 2 முதல் 5 வரை பெயரிடப்பட்டுள்ளது. தரவுத்தளமோ 1-லிருந்து எண்ணும். அகச்சிவப்பு என்று கருதி 4 என எழுதினால், குற்றலைப் பட்டையே கணக்கில் புகும். விடையும் நம்பத்தக்கது போலவே தோன்றும். விடையின் எண்வகையைக் குறிப்பிடாவிடில், மூலப் படத்தின் முழு எண் வகையே பின்பற்றப்படும், 0.67-இன் பின்னப் பகுதி நிலைக்காது. குறியற்ற முழு எண்ணாயின், நீரின் எதிர்மதிப்புக்கு இடமேயில்லை. ஆகவே 32 இருமப் பின்ன எண் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

எல்லாவற்றினும் தொல்லை தருவது மேகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இம்மலைகளின் மேல் தெளிந்த படம் அரிது. மேகம் மூடிய கட்டங்களை ‘மதிப்பில்லை’ என்று குறிக்காமல் இரு தேதிப் படங்களைக் கழித்தால், மேகம் நின்ற தோட்டம் இலை இழந்த தோட்டமாகப் பட்டியலில் ஏறும். மெய்யாகவே இழந்தவர் விடுபடவும் கூடும். நிவாரணப் பட்டியல் இத்தகைய கணக்கைச் சார்ந்து அமையுமாயின், இது சிறு பிழையன்று. இரண்டு படங்களின் கட்ட அளவும் ஆயத்தொலை முறையும் பொருந்தாவிடில், மென்பொருள் கணக்கை ஏற்க மறுத்துவிடும். அவ்வளவில் அது நன்மையே. மேகத்தை மட்டும் அது தானே அறியாது.

ஏலம் நிழல் மரங்களின் கீழ் வளர்வது. செயற்கைக்கோள் காண்பது மரத்தின் முடியையே. மேலே குறியீடு 0.7 என நிற்க, கீழே ஏலச்செடி வாடியிருக்கலாம். திறந்த சரிவிலுள்ள தேயிலைக்கு இவ்வாறு மறைப்பு மிகுதியாக இல்லை. ஆகவே சூரியநெல்லியில் தேயிலைக் கட்டங்களையும் ஏலக் கட்டங்களையும் தனித்தனியே பிரித்து, ஏலத்துக்குக் கள அளவையே முதன்மையாகக் கொள்வது பொருத்தம்.