கேமரா காட்டாததை பெல்ட் காட்டிவிட்டது!

கோவையிலிருந்து ஓர் அன்பர் வந்திருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கோல்ஃப் பிரியர். "டாக்டர், பதினெட்டுக் குழியும் ஆடி முடிச்சா, அன்னிக்கு ராத்திரி புரண்டு படுக்க முடியலை" என்றபடி செல்போனை நீட்டினார். அவர் மட்டை வீசுவதை மகன் படம் பிடித்திருந்தான். பார்த்தேன். அட, அழகாகத்தான் வீசுகிறார்! பின்னே இடுப்பு வலி எங்கிருந்து வந்தது?

பணக்கார விளையாட்டு, நமக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு உடம்பை முறுக்கித் திரும்புகிற எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

செல்போன் சாதாரணமாக வினாடிக்கு 30 படம் எடுக்கும். மட்டை உச்சியிலிருந்து இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் வினாடிதான். கைக்குக் கிடைப்பது ஏழெட்டுப் படங்கள்! 'ஸ்லோ மோஷ'னில் 240 படம் எடுத்தாலும் தட்டையான படம் தட்டையானதுதான். இடுப்பு பக்கவாட்டில் நழுவினாலும், திரும்பியது போலவே கண்ணுக்குத் தெரியும். அன்பர் விஷயத்தில் நடந்தது இதுவே.

அவருடைய பயிற்சியாளரிடம் உணர்கருவிகள் இருந்தன. தீப்பெட்டி மாதிரி இருக்கும். பெல்ட்டில் ஒன்று, மேல்முதுகில் ஒன்று, கையுறையில் ஒன்று. எது எத்தனை டிகிரி திரும்பியது, எது முதலில் வேகமெடுத்தது என்று வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அளக்கும். மாட்டிப் பார்க்கச் சொன்னேன். மட்டையைப் பின்னே தூக்கும்போது தோள் 90 டிகிரி திரும்பியிருந்தது, சரி. இடுப்பெலும்பு 45 டிகிரியாவது திரும்ப வேண்டாமா? இவருக்கு 25தான்! மிச்சத்தையெல்லாம் முதுகு சுமந்திருக்கிறது.

கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் குனிந்து நிமிரத்தான் அமைந்தவை. முறுக்கினால் ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குப் பத்து டிகிரி போனாலே அதிகம். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இந்த வித்தியாசம் கூடினால் பந்து தூரம் போகும் என்று 1992-இல் ஜிம் மெக்லீன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் எழுதியது பிரபலம். இருபது வயசுக்காரர் முயலட்டும். நமக்கு வேண்டாமே!

நீங்களே சோதித்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களைச் சேர்த்து வைத்து, ஒரு பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் நகர்த்துங்கள். பிறகு மற்றது. ஒன்று குறைவாகப் போனால் அந்தப் பக்கத் தொடை மூட்டு இறுகியிருக்கலாம். அன்பருக்கு வலது மூட்டு அசைய மறுத்தது.

அதற்காகக் கருவியே போதும் என்று நான் சொல்லவில்லை. தொளதொள சட்டையில் மாட்டினால் பொய்க்கணக்கு காட்டும். பாதம் எப்படி நிற்கிறது, மட்டையை எப்படிப் பிடிக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. எங்கள் எண்வகைத் தேர்வில் நாடியும் உண்டு, விழியும் உண்டு. கணக்கைப் பெல்ட்டிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், தினப்படி பயிற்சிக்குச் செல்போன் போதும்.

வலிக்கு நொச்சியிலை ஒற்றடமும் தொக்கணமும் கொடுத்தேன். மூட்டு இளகத் தினமும் பயிற்சி. வலது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி நிற்கவும், மட்டையைத் தூக்கும்போது இடது குதிகால் எழும்பினால் எழும்பட்டும் என்று விடவும் சொன்னேன். இதையெல்லாம் மகன் படத்திலேயே சரிபார்க்கலாம்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கழிக்கச் சிரமமானால் ஒற்றடமெல்லாம் உதவாது, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அன்பர் இப்போது ஒன்பது குழி ஆடுகிறார். பதினெட்டுக்கு இன்னும் நான் அனுமதி தரவில்லை.