காற்று வனையும் கலம்

மண்ணைக் குழைத்துக் குடம் வனையக் கற்ற மனிதன், பின்னாளில் உருகிய கண்ணாடியைக் குழலின் நுனியில் எடுத்து ஊதிக் குப்பி செய்யவும் கற்றான். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் தோன்றிய அக்கலையின் வழித்தோன்றலே இன்றைய நெகிழிப் புட்டி. நாள்தோறும் நம் கைகளில் தவழும் அப்புட்டியின் மெல்லிய சுவருக்குள் இயற்பியலும் வேதியியலும் பொறியியலும் ஒன்றுகூடி உறைகின்றன. அது எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு மேம்பட்டது என்பதை அறிவோம்.

காற்று எதற்கு?

வாளி, கிண்ணம் போன்ற அகன்ற வாயுடைய பொருள்களை வார்ப்பது எளிது. அச்சின் நடுவே ஓர் உள்ளச்சை நிறுத்தி, இடைவெளியில் உருகிய நெகிழியைச் செலுத்திக் குளிரச் செய்து, உள்ளச்சை உருவி எடுத்துவிடலாம். ஆனால் புட்டிக்கோ குறுகிய கழுத்தும் பருத்த வயிறும் உள்ளன. வயிற்றின் அளவுக்குச் செய்த உள்ளச்சைக் கழுத்தின் வழியே வெளியே எடுக்க இயலாது. விரும்பும்போது விரியவும், வேலை முடிந்ததும் தடயமின்றி வெளியேறவும் வல்ல உள்ளச்சு ஒன்று வேண்டும். காற்றே அத்தகைய உள்ளச்சு. இவ்வாறு காற்றால் உள்ளீடற்ற கலங்களை உருவாக்கும் முறைக்கு ஊதுவார்ப்பு என்று பெயர்.

இதில் இருவகை வழிகள் உண்டு. முதல் வழியில், உருகிய நெகிழி குழாய்போலத் தொங்கவிடப்படுகிறது. இருபாதி அச்சுகள் அதனைக் கவ்விக்கொள்ள, உள்ளே காற்று செலுத்தப்படுகிறது. கவ்வப்பட்ட இடத்தில் அடியில் ஒரு தழும்பும், வெட்டி நீக்க வேண்டிய கழிவும் எஞ்சுகின்றன. இரண்டாம் வழியே உட்செலுத்து ஊதுவார்ப்பு. இதில், சோதனைக் குழாயைப் போன்ற தடித்த சிறுவடிவம் ஒன்று அச்சில் உட்செலுத்தி வார்க்கப்படுகிறது. தொழிற்கூடங்களில் ‘பிரீபார்ம்’ எனப்படும் இதனை முன்வடிவம் எனலாம். மூடியைத் திருகுவதற்கான புரிகள் இந்நிலையிலேயே துல்லியமாக அமைந்துவிடுகின்றன. பின்னர் முன்வடிவத்தின் உடல் மட்டும் ஊதப்படுகிறது, கழுத்து மாறுவதில்லை. வெட்டி எறிய வேண்டிய கழிவும் இல்லை. மூடியும் கழுத்தும் சிறிதும் பிசகாமல் பொருந்த வேண்டிய மருந்துப் புட்டிகளுக்கு இம்முறை பெரிதும் ஏற்றதாயிற்று.

வீங்கிய புட்டி எழுப்பிய வினா

எனினும் ஒரு தடை நீண்ட காலம் நீடித்தது. கரியமில வாயு நிறைந்த சோடா போன்ற பானங்களை நெகிழிப் புட்டியில் அடைக்க இயலவில்லை. மகிழுந்துச் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தத்தைக் காட்டிலும் அப்பானங்களின் அழுத்தம் மிகுதி. அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனப் பொறியாளரான நத்தானியேல் வையத், 1960களின் பிற்பகுதியில் இச்சிக்கலைக் கையிலெடுத்தார். சலவை நீர்மம் அடைத்துவந்த நெகிழிப் புட்டியொன்றில் இஞ்சிப் பானத்தை ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தார். மறுநாள் பார்த்தபோது புட்டி உருத்தெரியாமல் வீங்கியிருந்தது.

வையத் தளரவில்லை. நைலான் இழையை இழுக்க இழுக்க அது வலுப்பெறுவதை அவர் அறிந்திருந்தார். நெகிழியின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். உருகிக் குளிர்ந்த நிலையில் அவை சிக்கலான நூற்கண்டுபோல் கிடக்கின்றன. இழுக்கும்போது அவை ஒரே திசையில் வரிசைப்படுகின்றன. அத்திசையில் வலிமை பன்மடங்காகிறது. ஆனால் நூலை ஒரு திசையில் இழுத்தால் போதும். புட்டியின் சுவரையோ நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் இழுக்க வேண்டும். பல தோல்விகளுக்குப் பின், முதலில் முயன்ற பாலிபுரொப்பிலீனைக் கைவிட்டு, பாலிஎத்திலீன் டெரிப்தாலேட் என்னும் பொருளை அவர் தேர்ந்தார். ‘பெட்’ எனச் சுருக்கமாக வழங்கும் இது, 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் ஆகிய வேதியியலாளர்களால் துணியிழைக்காகக் கண்டறியப்பட்டது. வையத்தின் புட்டிக்கு 1973இல் காப்புரிமை கிடைத்தது.

இழுத்து ஊதும் நுட்பம்

இன்று பின்பற்றப்படும் முறை இதுவே. முன்வடிவம் ஏறத்தாழ 100 பாகை செல்சியசு வெப்பநிலைக்கு அகச்சிவப்பு விளக்குகளால் சூடேற்றப்படுகிறது. அந்நிலையில் அது உருகுவதில்லை, ரப்பர்போல் இளகுகிறது. அச்சுக்குள் வைத்ததும், மெல்லிய கோலொன்று உள்ளே இறங்கி அதனை நீளவாட்டில் இழுக்கிறது. உடன் குறைந்த அழுத்தக் காற்றும், தொடர்ந்து ஏறத்தாழ 40 பார் வரையிலான உயரழுத்தக் காற்றும் புகுந்து, சுவரை அச்சோடு ஒட்டச் செய்கின்றன. குளிர்ந்த அச்சைத் தொட்டதும் புட்டி உறுதிப்படுகிறது. இவையனைத்தும் சில நொடிகளில் நிகழ்ந்து முடிகின்றன.

நீளவாட்டில் இரண்டரை மடங்கும் குறுக்குவாட்டில் நான்கு மடங்கும் இழுத்தால், பரப்பு பத்து மடங்காகும்; சுவரின் தடிப்பு பத்தில் ஒன்றாகும். மூன்றரை மில்லிமீட்டர் தடித்த முன்வடிவம், மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சுவராகிறது. குறுக்குவாட்டு இழுப்பு மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உருளை வடிவக் கலத்தில் உள்ளழுத்தம் சுற்றுவாட்டில் ஏற்படுத்தும் தகைவு, நீளவாட்டில் ஏற்படுத்துவதைப் போல் இருமடங்கு. அழுத்தம் தாங்காத நீர்க்குழாய் நீளவாட்டில் பிளப்பது இதனாலேயே. எத்திசையில் சுமை மிகுதியோ அத்திசையில் வலிமையும் மிகுதியாக அமைய வேண்டுமன்றோ!

ஊதும்போது மெலிந்த இடமே மேலும் மெலிந்து கிழிந்துவிடாதா என்னும் ஐயம் எழலாம். பெட் இழுபட இழுபட இறுகும் இயல்புடையது. முதலில் விரிந்த பகுதி வலுப்பெற்று நின்றுவிட, அடுத்து விரியாத பகுதி விரியத் தொடங்குகிறது. இவ்வாறு பொருள் தன்னைத்தானே சமன்செய்துகொண்டு சீரான சுவராகிறது.

மேம்பாட்டின் படிகள்

நல்ல புட்டி, அச்சுக்குள் நுழையும் முன்பே தீர்மானிக்கப்படுகிறது. பெட் குறுணைகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. ஈரத்தோடு உருக்கினால் நீர் மூலக்கூறுகள் நெகிழிச் சங்கிலிகளைத் துண்டித்துவிடும்; புட்டி நொய்ந்துபோகும். ஆதலால் ஒரு கிலோகிராம் குறுணையில் 50 மில்லிகிராமுக்கும் குறைவான ஈரமே எஞ்சும்வரை வெப்பக் காற்றால் உலர்த்துகின்றனர். உருக்கும் வெப்பம் மிகுந்தால் அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் தோன்றித் தண்ணீரின் சுவையைக் கெடுக்கும். வார்த்த முன்வடிவம் மெல்லக் குளிர்ந்தால் படிகங்கள் உருவாகி வெண்மை படரும். எனவே விரைந்து குளிர்விக்கின்றனர். ஈரம், வெப்பம், காலம் ஆகிய மூன்றையும் அளவோடு ஆள்வதே இத்தொழிலின் முதற்பாடம்.

அடுத்த படி வடிவமைப்பு. தொடக்ககாலப் புட்டிகளின் அடி அரைக்கோளமாக இருந்தது. நிற்பதற்கு வேறு நெகிழியாலான தனிக் கிண்ணம் ஒட்டப்பட்டது. பின்னர், பூவிதழ்போன்ற ஐந்து பாதங்களை அடியிலேயே அமைக்கும் வடிவம் வந்தது. தனிக் கிண்ணமும் அதை ஒட்டிய பசையும் வேண்டாதனவாயின. ஒரே பொருளாலான புட்டியை மறுசுழற்சி செய்வதும் எளிதாயிற்று. கழுத்தின் உயரத்தைச் சில மில்லிமீட்டர் குறைத்ததால், ஒவ்வொரு புட்டியிலும் ஒரு கிராமுக்கு மேல் மிச்சமாயிற்று. கோடிக்கணக்கில் பெருக்கும்போது அந்த ஒரு கிராம் மலையாகும்.

மூன்றாம் படி ஆற்றல் சேமிப்பு. ஊதிமுடித்த உயரழுத்தக் காற்றை வெளியே விட்டுவிடாமல், அடுத்த புட்டியின் தொடக்க ஊதலுக்குப் பயன்படுத்தும் எந்திரங்கள் இன்று உள்ளன. மேலும், வெறும் புட்டிகளை வண்டியேற்றுவது காற்றைச் சுமப்பதற்கு ஒப்பாகும். முன்வடிவங்களைக் கொண்டுசென்று, பானம் நிரப்பும் இடத்திலேயே ஊதிக்கொண்டால் போக்குவரத்துச் செலவும் எரிபொருளும் குறைகின்றன.

மெலிவுக்கும் ஓர் எல்லை

எடையைக் குறைத்துக்கொண்டே போகலாமா? முடியாது. சுவர் மிக மெலிந்தால் கரியமில வாயு விரைவில் கசியும். அடுக்கிவைத்தால் புட்டி நசுங்கும். நன்கு இழுபடாத அடிப்பகுதியில் விரிசல் விழும். வாயுவைத் தடுக்க வேறொரு நெகிழியை இடையடுக்காகச் சேர்க்கலாம். ஆனால் அக்கலவை மறுசுழற்சியைக் கடினமாக்கும். ஒரு நன்மையைக் கூட்டும்போது மற்றொன்று குறையாமல் காப்பதே பொறியாளர் எதிர்கொள்ளும் அறைகூவல்.

இங்கே நம் பங்கும் இருக்கிறது. பெட் நீரில் மூழ்கும். மூடி செய்யப்படும் நெகிழி மிதக்கும். துண்டாக்கி நீரிலிட்டால் இரண்டும் எளிதில் பிரியும். பிரித்தெடுத்த பெட் துணியிழையாகவோ மீண்டும் புட்டியாகவோ மறுபிறவி எடுக்கும். ஆயினும், கால்வாயில் வீசப்பட்ட புட்டிக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. சில நொடிகளில் உருவாகும் கலம், மக்காமல் தலைமுறைகளைக் கடந்தும் மண்ணில் கிடக்கிறது. கழுத்தில் ஒரு கிராமைக் குறைக்க அறிவியலாளர் உழைத்த உழைப்பு, நாம் அலட்சியமாய் எறியும் ஒரு புட்டியில் வீணாகிவிடுகிறது. ஆகவே, ஒரு பொருளைச் செம்மையாகச் செய்வது பொறியாளரின் கடமை என்றால், பயன்படுத்தியபின் அதனை உரிய இடத்தில் சேர்ப்பது பயன்படுத்தியவரின் கடமையாகும். இவ்விரு கடமைகளும் இணையும்போதே தொழில்நுட்பத்தின் மேம்பாடு முழுமை பெறும்.